மூன்றாவது சீழ்க்கை

"அப்பா, உனக்குக் காய்ச்சல் வந்தா அந்தக் குருவிக்கும் தொண்டை கட்டிக்குமா?" என்று என் மகள் லுஸ்மிலா ஒருமுறை கேட்டாள். குழந்தைகளுக்குக் காது கூர்மை. வெளியே இப்படிக் கேட்கக் கூடாது என்று சொல்லி, அவித்த மரவள்ளிக் கிழங்கில் ஒரு துண்டைக் கையில் கொடுத்தேன்.

எங்கள் மலையில் இருப்பது சாதாரண ஈப்பிடிப்பான் குருவி. பச்சை முதுகு, மஞ்சள் வயிறு. அரிய இனம் ஒன்று உண்டு. பார்வைக்கு அதுவும் அச்சு அசலாக இப்படியேதான். கூவினால்தான் தெரியும். சாதாரணமானது இரண்டு முறை சீழ்க்கை அடிக்கும். அரியது மூன்று முறை.

ஆறு வருடங்களுக்கு முன் மரக் கம்பெனி ரம்பங்களோடு வந்தது. பறவைக் குரல்களைப் பதிவுசெய்ய வந்தவர்களின் கருவிக்கு அருகே, புதருக்குள் அமர்ந்து மூன்று முறை சீழ்க்கை அடித்தேன். அரிய குருவி இருக்கிறதென்று மலை காப்புக்காடானது. நாற்பது குடும்பங்கள் குடிக்கும் ஓடை பிழைத்தது. இறைவன் அந்தப் பொய்யை மன்னித்திருப்பார்.

அன்றிலிருந்து யார் ஆராய வந்தாலும் நான் முந்திப்போய்ப் புதரில் இருந்தாக வேண்டும். ஒரு நாள்கூட வெளியூரில் தங்கியதில்லை. அண்ணன் சாவுக்கும் போகவில்லை.

பறவை ஆராய்ச்சி செய்யும் டாக்டர் நெலிடா இரண்டாம் முறையாக வந்திருந்தார். போன வருடம் லுஸ்மிலாவைப் பாம்பு கடித்தபோது, ஜீப் சேற்றில் சிக்கிக்கொள்ள, பிள்ளையை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரி சேர்த்தவர் அவர்தான்.

"டான் நிகானோர், நீங்க பக்கத்துல இல்லாதப்பத்தான் அது கூவுது. உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?" என்று, எங்கள் ஊர் மரியாதைப்படி என் பெயருக்கு முன் 'டான்' சேர்த்துச் சொல்லிச் சிரித்தார்.

"என் மூஞ்சி அதுக்குப் பிடிக்கல டாக்டரம்மா."

"இருபது வருஷமா இதைத் தேடுறேன். நாளைக்கு நானே கண்ணால பாத்துடணும்."

"பாக்க முடியலன்னா?"

"இங்க இல்லன்னு எழுதவேண்டியதுதான்."

மறுநாள் விடியலில் நல்ல மூடுபனி. பள்ளத்தாக்குக்கு அக்கரையில் நின்று சீழ்க்கை அடித்தேன். குறுக்கே கிடந்த மரப்பாலம் மழையில் உளுத்திருந்தது. அதில் யாரும் போகாதீர்கள் என்று ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அவர் ஊர்க்காரர் இல்லை.

பாலம் முறிந்து விழுந்த பிறகும் அவருக்கு நினைவு இருந்தது. "டான் நிகானோர்!" என்று கூப்பிட்டார், வெகுநேரம். மனிதக் குரலில் பதில் சொல்லியிருந்தால், இருபது வருடத் தேடலில் ஏமாந்துபோனோம் என்ற துக்கம் அவருக்கு மிஞ்சியிருக்கும்.

சிலுவைக்குறி இட்டுக்கொண்டேன். மூன்றாவது சீழ்க்கை தெளிவாகக் கேட்கும்படி, அந்தக் குரல் ஓயும்வரை அடித்துக்கொண்டே இருந்தேன். என் மகளைக் காப்பாற்றியதற்கு நான் திருப்பிச் செய்த நன்றி அது. பார்த்தவர் யாருமில்லை.