படம் கேட்காத ஆள்

– “2025 மே 17, சனிக்கிழமை, கிள்ளான். பழைய வால்வ் ஆம்பிளிஃபயர் ஒன்று. வேலை செய்யும். ஏலம் இன்று மாலை ஆறு மணிக்கு முடியும்.” இவ்ளோதான்க்கா போட்டிருக்கேன்.

– ராதா மைக் செட்டுன்னு எழுதலியா முகுந்தா?

– போட்டோவுல தெரியுதே. பெட்டிக்கு முன்னால மாமா பெயின்ட்ல எழுதினது அப்படியே இருக்கு. அதெல்லாம் எவன்லா பாக்கப் போறான்?

– முப்பது வருஷம் கோயிலு, சர்ச்சு, யூனியன் மீட்டிங்னு கத்தின பெட்டிடா அது.

– அக்கா, இது ஏலம். கருமாதி இல்ல.

– அந்த வாய வெச்சிக்கிட்டு எப்படித்தான் ஹேண்ட்போன் யாவாரம் பண்றியோ. இங்க பாரு, நான் கேக்கிறது ஒண்ணுதான். உங்க மாமா தவறினப்புறம் நானும் அதத் தொடைச்சு வெச்சதோட சரி. திங்கக்கிழம செராஸுக்குப் போறேன். மக வீடு பதினாலாவது மாடி. துணி காயப் போடவே எடமில்ல, இத எங்க வைக்கிறது? போகட்டும். ஆனா ஆன் பண்ணிப் பேச வைக்கிற ஆளுக்குப் போகணும். மேல பூந்தொட்டி வைக்கிறவனுக்கு வேணாம்.

– சரிலா. இப்ப ரெண்டு பேருதான் மிச்சம். மத்தவனுங்க ஒதுங்கிட்டானுங்க.

– யாரு யாரு? சொல்லு பாப்போம்.

– ஒருத்தன் அம்பாங். கடை வெச்சிருக்கான். நானூறு பேருக்கு மேல இவன நல்ல ஆளுன்னு ஸ்டார் போட்டிருக்காங்க. முன்னால, பின்னால, அடியிலன்னு எல்லாப் பக்கமும் படம் கேட்டான். உள்ள பல்பு மாதிரி இருக்கிற வால்வ ஒண்ணொண்ணா எடுத்து, நம்பர் தெரியற மாதிரி அனுப்பச் சொன்னான். பொருள் தெரிஞ்சவன் இப்படித்தான் கேப்பான்.

– இன்னொருத்தன்?

– அவன்தான்க்கா எனக்கு உறுத்துது. பேரு காலேப். பிரிக்பீல்ட்ஸ். அக்கவுண்ட் முந்தாநேத்துதான் தொறந்திருக்கான். ஸ்டார் ஒண்ணுகூட இல்ல. அவன் படம் இருக்க வேண்டிய எடத்துல வெறும் வட்டம்.

– வாட்ஸ்அப்ல எனக்கும் வட்டம்தான்.

– நீ ஏலம் கேக்கலியே. இன்னும் இருக்கு, கேளு. ஒரு படம்கூடக் கேக்கல. கீறல் இருக்கா, துரு புடிச்சிருக்கா, ஒண்ணும் இல்ல. ஆனா எல்லாருக்கும் மேல வெல சொல்லி வெச்சிருக்கான். அதான் மொத அடையாளம். பொருளப் பாக்காம ஏத்துறவன் காசு குடுக்கப் போறதில்ல. கன்ஃபர்ம்.

– ஒண்ணுமேவா கேக்கல?

– ஒண்ணு கேட்டான். அப்படியே படிக்கிறேன். “ஆன் பண்ணி மைக்ல ரெண்டு வார்த்த பேசி, அந்தச் சத்தத்த அனுப்ப முடியுமா சார்?”

– நல்ல கேள்வியாச்சே!

– என்னாக்கா நல்ல கேள்வி?

– பொண்ணா பாக்க வர்றான், படம் கேக்கிறதுக்கு? ஆம்பிளிஃபயருக்குச் சத்தத்தத்தான்டா கேக்கணும்.

– அதான் அனுப்பினேனே. நேத்து நீ கோயிலுக்குப் போனப்ப ஆன் பண்ணி, “ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்”னு பேசி அனுப்பினேன். கொஞ்ச நேரத்துல பதில் வந்துச்சு. “அதேதான் சார். எனக்குக் கண்டிப்பா வேணும்.”

– அதேதான்னா? எது?

– எவனுக்குத் தெரியும்? இவனுங்க எல்லாத்துக்கும் ஒரு வசனம் வெச்சிருப்பானுங்க. காசு எப்படி அனுப்புவீங்கன்னு கேட்டேன். மருமகன் அக்கவுண்ட்லேர்ந்து வருமாம். பெட்டிய எடுக்க யாரு வருவான்னு கேட்டேன். அதுக்கும் மருமகன்தானாம். ஏலம் கேக்கிறவன் ஒருத்தன், காசு போடுறவன், தூக்கிட்டுப் போறவன் இன்னொருத்தன். நாளைக்குப் போலீஸ் பாலாய்ல போய் ரிப்போர்ட் குடுக்கணும்னா யாரு பேர எழுதுவ?

– மருமகன் இருக்கிறது ஒரு குத்தமாடா?

– அக்கா, நான் பட்டவன். பங்சார்ல ஒரு ரெஸ்டாரன்ட் வாசல்ல ஒருத்தன், காசு போட்டாச்சுன்னு பேங்க் ரசீது காட்டினான். டை கட்டியிருந்தான்லா! ஹேண்ட்போனத் தூக்கிக் குடுத்துட்டு வந்தேன். பாத்தா ரசீது வெறும் படம். அவனே செஞ்சது.

– டை கட்டினவன நம்பின. இந்த ஆளு என்னா கட்டியிருக்கான்னே தெரியாம சந்தேகப்படுற.

– சிரி, சிரி. அப்புறம் அந்தக் கல்யாண கார்டு. மறந்துட்டியா?

– எப்படி மறப்பேன்?

– கல்யாண கார்டுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, தொறந்தேன். பேங்க்ல இருந்ததெல்லாம் தொடச்சு எடுத்துட்டுப் போயிட்டான்.

– பொண்ணு மாப்பிள்ள யாருன்னே தெரியாம மொய் வெச்ச ஒரே ஆளு நீதான்.

– அன்னியிலேர்ந்து தெரியாதவன் அனுப்புற எதையும் நான் தொறக்கிறதில்ல. எழுத்துன்னா படிப்பேன். கார்டு, ஃபைல், வாய்ஸ், ஒண்ணையும் தொட மாட்டேன். இந்தக் காலேபும் நாலு வாய்ஸ் அனுப்பியிருக்கான். அப்படியே கெடக்கு.

– என்னாடா இது! ஒருத்தர் வாயத் தொறந்து பேசி அனுப்பியிருக்காரு. கேட்டா என்னா?

– தொறக்க மாட்டேன்க்கா. “எழுதி அனுப்புங்க”ன்னு சொல்லிட்டேன். உடனே வராது. பக்கத்துல யாரையோ கேட்டு அடிக்கிற மாதிரி மெதுவா வரும். கும்பலா உக்காந்து பண்றானுங்க போல.

– எனக்கு என்னமோ அந்த ஆளுதான் சரின்னு படுது. சத்தம் கேட்டாரே.

– சத்தம் கேட்டான், சத்தம் கேட்டான்! காசு வராட்டி நீதான் சத்தம் போடுவ.

– மணி என்னா ஆச்சு?

– அஞ்சே முக்கால். சரி, உனக்காக ஒண்ணு பண்றேன். வீடியோ கால் போடுறேன். முகத்தையும் ஐசி கார்டையும் காட்டச் சொல்றேன். காட்டினா பெட்டி அவனுக்குத்தான், நான் வாயத் தொறக்க மாட்டேன். காட்டலன்னா அவன் பேர ஏலத்துலேர்ந்து எடுத்துடுவேன். ஓகேவா?

– ஓகே. நானும் பாக்குறேன், போடு.

– ஹலோ, மிஸ்டர் காலேப்? நான் முகுந்தன், ஆம்பிளிஃபயர் விக்கிறவன்.

– சார்! வணக்கம் சார். காலேப்தான் பேசறேன். உங்க கொரல்தானே அந்த மைக் டெஸ்டிங்?

– ஆமா. வீடியோல வந்திருக்கேன். உங்க முகத்தக் காட்டுங்க. ஐசியையும் பக்கத்துல புடிங்க.

– காட்டுறேன் சார், காட்டுறேன். ஒரு நிமிஷம். இப்பத் தெரியுதா சார்?

– சீலிங் ஃபேன் தெரியுது.

– அப்படியா? மன்னிச்சுக்குங்க. இப்ப?

– செவுரு. மிஸ்டர் காலேப், முகம். உங்க முகம்.

– சார், அது வந்து, மருமகன் இப்பதான் கீழ கடைக்குப் போனான். அவன் வந்தா...

– முகத்தக் காட்டுறதுக்கும் மருமகன் வேணுமா? வெளையாடுறீங்களா? வெச்சிடுறேன்.

– ஏன்டா அப்படிக் கட் பண்ணின?

– பாத்தியா நீ? ஃபேனு, செவுரு! அடுத்து என்னா, தரையா? நேர்மையான ஆளுக்கு ஹேண்ட்போனத் திருப்பிப் புடிக்க என்னா கஷ்டம்?

– கொரல் நல்லாத்தான் இருந்துச்சு. மரியாதயா பேசினாரு.

– ஏமாத்துறவனுக்கு மொத முதலீடே கொரல்தான்க்கா. இதோ, இன்னொரு வாய்ஸ் வந்திருக்கு. அஞ்சாவது. சொல்லு, அஞ்சு நிமிஷந்தான் இருக்கு. எடுக்கவா?

– ம்.

– என்னா ம்? உன் பெட்டி, நீ சொல்லணும். அப்புறம் என் தலையில போடக் கூடாது.

– நானும் பாத்தேனே. ரெண்டு தடவ கேட்டும் அந்த ஆளு முகத்தக் காட்டல. சரி, எடுத்துடு.

– எடுத்தாச்சு. பிளாக்கும் பண்ணியாச்சு.

– தேத்தண்ணி கலக்கவா?

– சீனி கம்மியா. இரு, முடிஞ்சிருச்சு. அம்பாங்காரனுக்குப் போயிடுச்சு. காசும் ஏறிருச்சுக்கா! ரசீது கிசீதுன்னு ஒண்ணும் இல்ல, என் பேங்க் ஆப்லயே பாத்துட்டேன். இதான்லா பையர்.

– எப்ப வந்து எடுப்பாராம்? வந்தா ஆன் பண்ணிக் காட்டணும். இடப்பக்கம் ஒரு தட்டு தட்டினாத்தான் சூடேறிப் பேசும். அது அவருக்குத் தெரியாது.

– மெசேஜ் வருது. இங்கிலீஷ்ல போட்டிருக்கான், நான் சொல்றேன். “நன்றி. நாலு வால்வையும் கழட்டி, பஞ்சுல சுத்தி, கூரியர்ல அனுப்பிடுங்க.”

– பெட்டி?

– “பெட்டி வேண்டாம். நீங்களே தூக்கிப் போட்டுடுங்க.”

– என்னா சொன்ன?

– பெட்டி வேணாமாம்க்கா. வால்வ தனித்தனியா விப்பான் போல. அந்த மாதிரி வால்வ் இப்ப கெடைக்கிறதில்ல.

– வால்வ் இல்லாட்டி அது பேசாது.

– பேசாது.

– ஏலத்தத் திருப்பு.

– காசு ஏறினப்புறம் முடியாதுக்கா. ரூல்ஸ் அப்படி.

– அந்த வாய்ஸத் தொற.

– எது?

– காலேப் அனுப்பினது. கடைசியா வந்தது.

– அக்கா, சொன்னேன்ல, தெரியாதவன் அனுப்பினத...

– தொடச்சு எடுத்துட்டுப் போறதுக்கு உன் பேங்க்ல என்னா இருக்கு? தொறடா.

– சரி, சரி. தொறக்கிறேன். கேளு.

– “சார், காலேப் பேசறேன். கோவிச்சிக்காதீங்க. எனக்குப் பொறந்ததுலேர்ந்து கண்ணு தெரியாது சார். கேமரா எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாமத்தான் அப்படி ஆயிடுச்சு. மொத வாய்ஸ்லயே எல்லாம் சொல்லியிருந்தேன், நீங்க கேட்டீங்களோ என்னமோ. பெட்டியில ராதா மைக் செட்டுன்னு எழுதியிருக்குன்னு மருமகன் படிச்சுச் சொன்னான். இங்க பிரிக்பீல்ட்ஸ்ல எங்க ஆளுங்க கிறிஸ்மஸ் நிகழ்ச்சிக்கு அந்த அண்ணன் வருஷா வருஷம் வந்து சும்மாவே செட் போட்டுக் குடுப்பாரு. இடப்பக்கம் ஒரு தட்டு தட்டிட்டு, ‘இப்பப் பாடு காலேப்’னு சொல்லுவாரு. நான் அதுலதான் பாடினேன். இனிமேயும் அதுலயே பாடலாம்னுதான் கேட்டேன். ஏலத்துல எனக்குக் கெடைக்காட்டியும் பரவால்ல சார். ராதா அண்ணன் நல்லா இருக்காரான்னு மட்டும் சொல்லுங்க.”