உட்கருவுக்குள் கொழுப்பு

"ஹலோ... முனிலட்சுமி இத்தாரா?... ஹௌது, ஹௌது, ஓசூரிந்த... ஆங், முனி, நான்தான்டி, அதியா. கம்பெனிக்கு ரெண்டு தடவ போன் பண்ணியாமே?"

எடுத்தவரிடம் கன்னடத்தில் கேட்டு முனிலட்சுமியை வரவழைத்த அதியா, எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினாள். வெளியே தேன்கனிக்கோட்டை பஸ் உறுமிக்கொண்டிருந்தது. பெங்களூர் ஆய்வகத்தில் அவளுக்கும் முனிலட்சுமிக்கும் ஒரே மேசையாக இருந்தது. நிக்காஹ் ஆனதும் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு வந்தவள், இங்கே மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள்.

"சொல்லு... ஆமா... ஆமா... என்னாது, நெஜமாவே உட்கருவுக்குள்ளயா? நான் அன்னிக்கே சொன்னனே! செல்லோட மேல் சவ்வுல கொழுப்ப வெட்டற என்சைம், உள்ள உட்கருவுலயும் இருக்குதுன்னு. சவ்வுக் குப்பை ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்னு புரொபசர் சிரிச்சாரு. நீயும்தான் சிரிச்ச... சரி, சரி, விடு... அது கொழுப்ப வெட்டுனா ஜீன் முழிச்சுக்குதா?... அல்லாவே!"

ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. அடுத்த கணமே, தான் சொன்னதை இவள் செய்து காட்டிவிட்டாளே என்று பொறாமை வந்தது.

"இதப் பத்திப் பேச இத்தாலிக்கா? நீயா?... ம்... ம்... பாஸ்போர்ட்டும் வந்திருச்சா. ரொம்ப சந்தோஷம்டி. அப்புறம் என்னை எதுக்குத் தேடுன?... ஓ, அந்தச் சோதனையத் திரும்பச் செஞ்சா வரமாட்டேங்குதா? உட்கரு எல்லாம் கஞ்சி மாதிரி ஆயிடுதா?"

காரணம் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"எனக்கு எங்கடி ஞாபகம் இருக்குது? எல்லாம் மறந்துபோச்சு... இல்லடி, அல்லா மேல..."

ஆணையை முடிக்க நாக்கு எழவில்லை.

"என்ன? ஜெர்மன்காரங்களா? அவங்களும் இதையேவா பண்றாங்க?... அடுத்த மாசமே பேப்பர் போட்டுருவாங்களா?"

தான் முதலில் சொன்ன விஷயம் முகம் தெரியாத எவனோ ஒருவன் பெயரில் வருவதா? அதற்கு, தன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவள் பெயரிலேயே வந்து தொலையட்டும்.

"முனி, கேளு. சவ்வுக் குப்பை போக உட்கருவ டிடர்ஜென்ட்ல கழுவறப்ப மெக்னீசியம் சேத்தியா?... அதான பார்த்தேன்! அது இல்லன்னா உட்கரு வெடிச்சிரும்டி. ஐஸ்லயே வெச்சுக் கழுவு... ஆமா, ஆமா, அவ்வளவுதான்... ஏய், இரு, வெச்சிராத! பேப்பர்ல என் பேரு... ஹலோ? முனி?"

மறுபடி அதே நம்பரைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. முனிலட்சுமி இந்நேரம் குளிர் அறைக்கு ஓடியிருப்பாள். அந்த இடத்தில் இருந்திருந்தால் தானும் அப்படித்தான் ஓடியிருப்பாள் என்பது அதியாவுக்குத் தெரியும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.