பொட்டு வைத்த பெட்டி

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் அம்மா அதற்கு ஒரு பொட்டு வைத்துவிடுவாள். மிக்ஸி, குளிர்சாதனப் பெட்டி, என் லேப்டாப் என்று எதுவும் தப்பியதில்லை. முதலில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு. இதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். அதனால்தான் இந்தப் புகைப்படத்தை என் பக்கம் இரண்டாம் முறையாக நகர்த்துகிறீர்கள். அதற்கும் வருகிறேன். முதலில் எங்கள் படிப்பு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவது நியாயமாக இருக்காது.

காற்றில் கரியைச் சேர்க்காமல் நாடு எப்படி வாழப் போகிறது என்பதுதான் எங்கள் முனைவர் பட்டத் திட்டத்தின் கேள்வி. அதற்கு ஒரு துறை போதாது என்று பொறியாளர், பொருளாதாரக்காரர், சமூகவியல்காரர் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் போட்டார்கள். ஆண்டுக்கு ஒரு மாதம் ஜோடிகள் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். நான் பேட்டரி ஆள். என் ஜோடி ஜானவி சமூகவியல். அந்த மாதம் அவள் என் கருவிகளைப் பார்த்துக்கொள்வாள், நான் அவளுக்காக மக்களிடம் பேட்டி எடுப்பேன். நல்ல ஏற்பாடு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. பெட்டி சரியாக இருக்கிறது என்று பொறியாளர் சொன்னால் சமூகவியல்காரர் நம்புவார். மக்கள் மனம் இப்படி என்று சமூகவியல்காரர் சொன்னால் பொறியாளர் நம்புவார். இரண்டையும் ஒரே ஆள் சொன்னால் கேள்வி கேட்க யாரும் மிச்சமில்லை.

மின்கார்களிலிருந்து கழற்றிய பழைய பேட்டரிகளை வீட்டுக்கு உபயோகமாக மாற்றுவது என் ஆய்வு. பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விளக்கெரிக்கும் பெட்டி. வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், வரிசை வீடுகளில் நாலில் வைத்தோம். ஒரு மழைக்காலம் முழுக்க நாலும் நிற்காமல் ஓட வேண்டும். ஒன்று நின்றாலும் அடுத்த மழைக்காலம் வரை நான் காத்திருக்க வேண்டியதுதான்.

நாலாவது வீடு முத்தாரம்மாளுடையது. கொழுந்து பறிக்கிறவர், புருஷன் இல்லை. மகள் ஸ்வப்னா பிளஸ் டூ. ஒரே அறை என்பதால் பெட்டியைத் தலைமாட்டில்தான் வைக்க முடிந்தது. முதல் மாதம் அந்த அம்மாளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நான் போகும்போதெல்லாம் பால் சேர்க்காத கட்டன் சாயா போட்டுத் தருவார். அவரை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை மாற்றும் மாதத்தில் நான் பேட்டிக்குப் போனேன்.

"தம்பி, ரெண்டு நாளா கரிஞ்ச நாத்தம் வருது கேட்டீங்களா. பெட்டி பக்கம் தலைவச்சுப் படுக்கவே பயமா இருக்கு. எடுத்துட்டுப் போயிருங்களேன்" என்றார்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே கேட்டேன்: "இந்தப் பயம் எப்போதிலிருந்து, அக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். தோட்டத்துப் பேக்டரியில் கரன்ட் அடித்துப் புருஷன் செத்த கதையைச் சொன்னார். சொல்லும்போது அழுதார். எனக்கும் கண் கலங்கிற்று. பெட்டியின் ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்ததை அங்கே உட்கார்ந்தபடியே பார்த்தேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் இப்படிச் சொன்னேன்: "அவங்க சொல்ற நாத்தம் பெட்டியிலேர்ந்து வரலை. புருஷனோட ஞாபகத்திலேர்ந்து வரது. அவங்களுக்குத் தேவை ரிப்பேர் இல்லை, ஆறுதல்."

ஜானவியின் வழிகாட்டி பத்மப்ரியா மேடம் நெகிழ்ந்துபோனார். "ஒரு எஞ்சினியர் இத்தரை நன்னா மனுஷாளைக் கேட்டு நான் பார்த்ததில்லை" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். ஜானவி மட்டும் வெளியே வந்ததும் என்னை நிறுத்தினாள்.

"ஹரி, ஒருதடவை போய் நோக்கட்டுமா? இந்த மாசம் பெட்டி என் பொறுப்பாக்கும். நீ சொல்லாம எனக்கு ஒண்ணும் அறியாது கேட்டோ."

"ஒண்ணும் இல்லை, ஜானு. மழைக்காலம் முடியட்டும்" என்றேன். அவள் நம்பினாள். அவள் குணம் அது.

அடுத்த வாரம் மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. பெட்டி நிரம்பியது. முத்தாரம்மாள் காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் மத்தியானம் படுத்திருந்தார். ஸ்வப்னா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பெட்டி வெடித்துப் புகை வந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தபோது உள்ளே உயிர் இல்லை. அவள் சாயங்காலம் பையோடு லயத்துக்கு வந்ததை நான் பார்த்தேன்.

பெட்டி ஜானவியின் பொறுப்பில் இருந்த மாதம். எனவே குற்றம் அவள் மேல் என்று ஆய்வு மையத்தில் முடிவானது. அவள் எதிர்த்துப் பேசவில்லை. கழக்கூட்டத்தில் தான் தங்கியிருக்கும் பிளாட்டை விட்டு வெளியே வருவதே இல்லை என்கிறார்கள். பாவம். படிப்பை மாற்றிக்கொண்டால் அவள் நன்றாக வருவாள் என்று எனக்கு உண்மையாகவே நம்பிக்கை இருக்கிறது.

இப்போது புகைப்படம். பெட்டி வைத்த அன்று ஜானவி எடுத்தது. முத்தாரம்மாள் பெட்டி மேல் கை வைத்துச் சிரிக்கிறார். கைக்குப் பக்கத்தில் பொட்டு, காய்ந்து ஓரம் உதிர்ந்தது. "சாமி கும்பிட்டுத்தான் கொண்டாந்திருக்கீக, நல்ல பெட்டிதான்" என்று அன்று அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆய்வு மைய ஸ்டோரிலிருந்து நேராக வந்த பெட்டியில் பழைய பொட்டு எப்படி என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. ஆய்வு மையத்தில் அத்தனை துறை இருந்தும் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

அந்தப் பெட்டி முதலில் எங்கள் வீட்டில் இருந்தது. சோதனைக்காக நான்தான் கொண்டுபோய் அம்மாவின் அறையில் வைத்தேன். ஒரு நாள் காலையில் அம்மா காப்பி கலந்துகொண்டே, "ஹரி, ஏதோ கருகற நாத்தம் வரதுடா, பாரேன்" என்றாள். இந்தப் பயம் எப்போதிலிருந்து என்று அவளிடம் நான் கேட்கவில்லை. காப்பியைக்கூடக் குடிக்காமல் இணைப்பைப் பிடுங்கிப் பெட்டியை முற்றத்தில் கொண்டுபோய் வைத்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அம்மா பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அவளிடம் சொன்னேன்.

ஆனால் நாலாவது வீட்டுக்கு வேறு பெட்டி இல்லை. மழை தொடங்கப்போகிறது. ஆறிய பிறகு அளந்து பார்த்தேன், எண்கள் மோசமில்லை. வித்துரா வண்டியில் நானே ஏற்றினேன். பொட்டைத் துடைக்க மனம் வரவில்லை. அம்மா வைத்ததல்லவா.

ஆம், தெரிந்தேதான் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதாதீர்கள். அம்மா படுக்கிற அறையில் அதை எப்படி வைத்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.