எங்கள் ஊர்த் தலையாட்டல்

பாட்டு கேட்கும்போது நான் எதையும் சாப்பிடுவதில்லை. தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நீங்கள் கொடுத்த காப்பி ஆறிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம், ஐயா, தவறாக நினைக்காதீர்கள். வெளியே உங்கள் காவலர் வானொலியில் பாட்டு வைத்திருக்கிறார். எவ்வளவு மட்டமான பாட்டாக இருந்தாலும் மெல்லுகிற வாயோடு அதைக் கேட்பது எனக்கு அருவருப்பு. கச்சேரியில் பக்கத்து இருக்கைக்காரர் சூரியகாந்தி விதை கொறிக்கத் தொடங்கினால், எழுந்து வேறு இடம் பார்த்துக்கொள்வேன்.

நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். போன செப்டம்பரில் இதே மேசையில் 'விபத்து' என்று நீங்கள் எழுதி மூடிய விஷயம்தான். பாடகி ரதோஸ்தினாவின் கணவன் துவார்த்தே, திரியாவ்னாவில் அவர்கள் வீட்டு நிலவறையில் மின்சாரம் தாக்கி இறந்துபோனான். அன்றைக்கு நான் உங்களிடம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

என் பெயர் பிஸேரா. கப்ரோவோவில் தயிர்த் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. கதவு சீக்கிரம் மூடட்டும், அறைச் சூடு வீணாகக் கூடாது என்று பூனையின் வாலையே வெட்டுகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்று பல்கேரியா முழுக்கச் சிரிப்பார்கள். என் சிக்கனம் கண்ணீரில். அப்பாவைப் புதைத்த அன்று ஊரே என் முகத்தைப் பார்த்தது. ஒரு சொட்டு வரவில்லை. கட்டியவன் என்னை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது நான் அடுப்பில் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தேன். அடிப்பிடிக்கக் கூடாதே என்பதுதான் கவலை. கல் நெஞ்சுக்காரி என்றார்கள். அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் பேருந்தில் ரதோஸ்தினாவின் குரலைக் கேட்டேன். பெயரிலேயே ஆனந்தத்தை வைத்துக்கொண்டு, ஆனந்தமே இல்லாமல் பாடுகிற பெண். ஆற்றோடு போன தம்பியைப் பற்றிய பாட்டு அது. வரி முடிகிற இடத்தில் குரலை இறக்கிவைக்காமல் அப்படியே நழுவ விட்டுவிடுவாள். எனக்கு மூக்கு ஒழுகியது, தோள் குலுங்கியது. நடத்துநர் பயந்துபோய் வண்டியை நிறுத்தச் சொன்னார். அப்பாவுக்கும் கட்டியவனுக்கும் அழ வேண்டியதை எல்லாம் அன்றைக்கு அழுது தீர்த்தேன். வீட்டுக்கு வந்து, பல வருடம் கழித்து, நன்றாகத் தூங்கினேன். அன்றிலிருந்து அவள் பாடினால்தான் எனக்கு அழுகை வரும். இதை நீங்கள் புரிந்துகொண்டால் போதும், மற்றதெல்லாம் சுலபம்.

ரசிகர் மன்றம் ஆரம்பித்தது நான்தான். அவளுக்கு மனது சரியில்லை என்றால் கச்சேரியை ரத்து செய்வாள். நாங்கள் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டோம். வர்ணாவில் ஒருமுறை பாதி நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முதுகைப் பார்த்தே மண்டபம் முழுக்க விசும்பியது. கடைசியில் அவள் திரும்பி, ஒரே ஒரு பாட்டைப் பாடிவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் போனாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மாலை கிடையாது.

அப்புறம் அவள் லிஸ்பனுக்குப் போய் துவார்த்தேயைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அவனைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல எதுவும் இல்லை. அதுதான் அவனிடம் எனக்குப் பொறுக்காதது. நல்லவன், உழைப்பாளி, எந்நேரமும் சீட்டி. இருவரும் திரியாவ்னாவில் ஒரு பழைய வீட்டை வாங்கி, தாங்களே பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். உதவிக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று அவளே என்னைக் கூப்பிட்டாள். சனிக்கிழமைதோறும் போனேன். கோவிலுக்குள் கூப்பிட்டு விளக்குத் துடைக்கச் சொன்னால் யாராவது மாட்டேன் என்பார்களா?

உள்ளே போய்ப் பார்த்தால் கோவிலில் சாமி இல்லை. அவள் கொழுத்திருந்தாள். கன்னத்தில் எண்ணெய் மினுமினுத்தது. காலை பத்து மணிக்கு வெறும் காலோடு, ரொட்டியில் தேன் வழிய வழியத் தின்றுகொண்டு எதற்கெடுத்தாலும் சிரித்தாள். அவன் பியானோவில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பான். எங்கள் நாட்டில் அவன் முதலில் கற்றுக்கொண்ட வித்தை அதுதான். ஈரத் தோலைப் பியானோ மூடியின் மேலேயே குவித்துவைப்பான். ஒருநாள் அவன் அவளை முத்தமிட்டபோது உதட்டில் ஒட்டியிருந்த தோல் அவள் கன்னத்துக்கு மாறியது. அவள் அதைத் துடைக்கவில்லை. நாக்கை நீட்டி எடுத்துத் தின்றுவிட்டுச் சிரித்தாள். நான் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அந்தக் கோடையில் அவள் புதுப் பாட்டு வந்தது. அதில் கைதட்டல் இருந்தது. நடுவில் அவன் சீட்டியடித்தான். பெட்ரோல் நிலையங்களில் அது ஓடியது. கல்யாண வீடுகளில் தொப்பை குலுங்க ஆடினார்கள். மன்றத்தில் பேருந்து ஓட்டுநர் ஸ்தானிமிர் அதைத் தன் தொலைபேசி மணியாகவே வைத்துக்கொண்டான்.

"ஏன்க்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றான் என்னிடம். "பொண்ணு சிரிக்கட்டுமே. இத்தன வருஷமா நம்ம எல்லாருக்கும் சேத்து அவதான அழுதா. போதாதா?"

"சூப்புல முடி கெடந்தாலும் எடுத்துப் போட்டுட்டுக் குடிக்கிற ஆளு நீ. உனக்கு எங்க தெரியப்போகுது."

"முடி கெடந்தாத்தான்க்கா அது வீட்டுச் சாப்பாடு" என்று பல்லைக் காட்டினான்.

அவனோடு பேசிப் பயனில்லை. நான் வீட்டுக்கு வந்து பழைய பாட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். தம்பி பாட்டில் அவள் குரலை நழுவ விடும் இடம் வந்ததும், கன்னத்தில் ஒட்டிய அந்தத் தோல் என் கண்முன் வந்தது. அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பாட்டுக்கும் வரவில்லை.

இப்போது தலையாட்டல் விஷயம். நாம் ஆமாம் என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால், அவன் ஊர்க்காரர்களுக்கு அது இல்லை. நாம் இல்லை என்று மேலும் கீழும் ஆட்டினால், அவனுக்கு அது ஆமாம். வந்த புதிதில் ரொட்டிக் கடையில் 'ரொட்டி இருக்கா' என்று கேட்டு, கடைக்காரி இருக்கிறது என்று தலையாட்டியதும் வெறுங்கையோடு திரும்பி வந்தவன். ரதோஸ்தினா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"அது பரவாயில்லக்கா. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு லிஸ்பன்ல கேட்டான். நான் சந்தோஷத்துல பேச்சு வராம நம்ம ஊர் மாதிரி தலைய ஆட்டிட்டேன். பாவம், அழுதுகிட்டே எந்திரிச்சுப் போயிட்டான். நாலு தெரு வெரட்டிப் புடிக்க வேண்டியதாப் போச்சு" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வீட்டுல அவங்கிட்ட மட்டும் அவன் ஊர்ப்படி ஆட்டுங்கக்கா. இல்லன்னா எனக்கு வெங்காயம்கூட வந்து சேராது" என்றாள்.

நான் அப்படியே செய்தேன். கோடை முழுக்க அவனுக்கு ஆமாம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் பக்கவாட்டில். உடம்புக்குப் பழகச் சில வாரம் ஆயிற்று, பிறகு சரியாகிவிட்டது. "நீங்கதான்க்கா எனக்குச் சரியாப் புரியிற ஒரே ஆளு" என்று அவன் உடைந்த பல்கேரிய மொழியில் சொல்வான்.

செப்டம்பரில் அந்தச் சனிக்கிழமை, முற்றத்தில் அவள் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். கருகிய தோலின் வாடை அவள் கூந்தலெல்லாம் இருந்தது. முந்திய மழையில் நிலவறையில் தண்ணீர் புகுந்திருந்தது. அதை இறைக்கப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய டீசல் பம்பு முற்றத்து ஓரத்தில் உறுமியது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. நிலவறையைப் பாட்டுப் பதிவு அறையாக்க வேண்டும் என்பது துவார்த்தேயின் ஆசை. சுவருக்குள் போகும் மின்கம்பி நனைந்துவிட்டது, அதை இன்றே மாற்ற வேண்டும் என்றான். மெயின் சுவிட்ச் மேலே நடையில், நிலவறைக் கதவை ஒட்டி இருந்தது.

"அக்கா, நான் கீழ போய் நின்னு கையக் காட்டுறேன். சுவிட்ச அணைச்சிட்டுச் சொல்லுங்க" என்றான். சீட்டியடித்தபடி இறங்கினான்.

நான் சுவிட்சின் அருகில் நின்றேன். அவன் படிக்கட்டின் அடியில், கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று அண்ணாந்து பார்த்தான். சுவர்ப் பக்கம் விரலை நீட்டி, புருவத்தை உயர்த்தினான். அணைத்தாயிற்றா என்று கேட்கிறான்.

அணைக்கவில்லை. ஆகவே இல்லை என்று சொன்னேன். என் அம்மா சொன்ன மாதிரி, அவள் அம்மா சொன்ன மாதிரி, நீங்களும் உங்கள் மனைவியிடம் சொல்கிற மாதிரி, தலையை மேலும் கீழும் ஒருமுறை அசைத்தேன். நாக்கைத் தட்டி 'த்ச்' என்றும் சொல்வோம் அல்லவா, அதைச் செய்யவில்லை. பம்புச் சத்தத்தில் எப்படியும் கேட்டிருக்காது.

அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தான். பல்லிடுக்கில் விதைத் தோல் இருந்தது. பிறகு திரும்பிக் கம்பியைப் பிடித்தான்.

அவன் கேட்ட கேள்விக்கு நான் உண்மையான பதில் சொன்னேன், ஐயா. என் நாட்டில், என் மொழியில். வந்த இடத்தின் வழக்கத்தைப் புரிந்துகொள்ளாதது வந்தவனின் குற்றம். நான் சுவிட்சைத் தொடவே இல்லை என்று உங்களிடம் அன்றைக்குச் சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அவன் பொறுமையில்லாமல் கை வைத்துவிட்டான் என்று முடிவு செய்தவர் நீங்கள்.

சவ அடக்கத்துக்குக் கோதுமை வேகவைத்து, சர்க்கரை தூவி எடுத்துப்போனது நான்தான். கதவிலும் விளக்குக் கம்பத்திலும் அவன் படம் போட்ட மரண அறிவிப்பை ஒட்டியதும் நான்தான். அவளைக் குளிப்பாட்டினேன், தலைசீவினேன், கரண்டியால் ஊட்டினேன். எண்ணெய் மினுமினுப்பு போய்விட்டது. கன்னம் ஒட்டியது. பனிக்காலம் முழுக்க அவள் பாடாமல் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வர்ணாவில் பார்த்த அதே முதுகு. நான் பின்னால் நாற்காலி போட்டுக் காத்திருந்தேன். அந்த மாதங்களில் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும்.

போன வாரம் திரியாவ்னாவின் சிறிய மண்டபத்தில் பாடினாள். மன்றம் மொத்தமும் வந்திருந்தது. ஸ்தானிமிர் ஏற்கெனவே கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டான். நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

அவள் எங்களைப் பார்த்து நின்றாள். பாட்டு அவனைப் பற்றியதுதான். ஆனால் அது நன்றிப் பாட்டு. உன்னோடு இருந்த நாள் போதும், ரொட்டி இனித்தது, வெயில் இருந்தது என்று, குரலை ஒரு தட்டில் வைத்து எல்லோருக்கும் பரிமாறுகிற மாதிரி பாடினாள். நடுவில் அவளே சீட்டியடித்தாள். ஸ்தானிமிர் சிரித்துக்கொண்டே அழுதான். எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. ஒரு மனிதனைச் சாகக் கொடுத்துவிட்டு நன்றி சொல்கிறாள். இதற்கா நான் அவ்வளவும் செய்தேன்?

மேடைக்குப் பின்னால் போய்க் கேட்டேன், எப்படி இவ்வளவு அமைதியாக இருக்கிறாய் என்று.

"யாரத் திட்ட அக்கா?" என்றாள். என் தோளில் சாய்ந்துகொண்டாள். "தண்ணி, கம்பி, அவன் அவசரம். அது மேல கோவப்பட்டு என்ன ஆகப்போகுது? எவனாவது வேணும்னு செஞ்சிருந்தா வேற. அப்ப நான் இப்படி நின்னு பாடிருப்பேனா? தொண்ட கிழியிற வரைக்கும் கத்தி இந்த ஊரையே எழுப்பிருப்பேன்." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேள, நீங்க கூட இருந்தீங்க" என்றாள்.

அன்றிரவு முழுக்க அவள் சொன்னதையே யோசித்தேன். தவறு என்னுடையதுதான். விபத்து அவளுக்குப் போதவில்லை. விபத்தில் பறிகொடுத்தால் மனிதர்கள் கொஞ்ச நாள் அழுது, கோதுமை தின்று, தேறிவிடுகிறார்கள். இதைவிடப் பெரியதாக ஒன்று கொடுக்க என்னிடம் இருந்தது. நான் சிக்கனம் பார்த்துவிட்டேன். அதனால்தான் இன்று உங்களிடம் வந்தேன்.

அவன் ஊர்ப்படி எப்படி ஆட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்ன நினைத்துக்கொள்வான் என்றும் தெரியும். தெரிந்துதான் ஆட்டினேன். கொலை என்ற சொல்லைப் போடுவதாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. கையெழுத்தும் போடுகிறேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள், ஐயா. அவளிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். தொலைபேசியில் வேண்டாம். அவன் சிரித்ததைச் சொல்லுங்கள், கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதைச் சொல்லுங்கள், தலையைத் துவட்டிக் கரண்டியால் ஊட்டியவள்தான் செய்தாள் என்று சொல்லுங்கள். எதையும் பூசி மெழுகாதீர்கள். அவள் நல்ல பாடகி. வேண்டியது கிடைத்தால் பாடிவிடுவாள். என்னை எந்தச் சிறைக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள், அங்கே ஒரு வானொலி மட்டும் இருக்கட்டும்.