பதினொரு நிமிடப் பாதையை மீட்ட பொறியாளருக்கு

ஆற்றின் மேல் பாலம் தந்தவரே! அந்தப் பாலம் எழவிருந்த கரையில் குடியிருந்தோருக்கு மாற்று வீடு கொடுத்த பிறகே முதல் தூணை ஊன்றிய முதல்வரே! மண்ணின் தாங்குதிறனை அளக்குமுன் மனிதரின் தாங்குதிறனை அளந்த மாண்பாளரே! எங்கள் தலைமைப் பொறியாளர் அம்மையீர், வணக்கம்!

முப்பத்து மூன்று ஆண்டுகளில் மூன்று பாலங்களையும் நாற்பது கிலோமீட்டர் ரயில் பாதையையும் எழுப்பிய உங்களுக்கு, பணிப்பதிவேட்டில் மிஞ்சியிருப்பது 'கவனக்குறைவு' என்ற ஒரு குறிப்பு. அதனால் பதவி உயர்வும் பறிபோனது. பணிநிறைவுப் பாராட்டு மடலில் இதையா படிப்பது என்று முன்வரிசையில் முகம் சுளிப்போர் சற்றே பொறுத்தருள்க. இன்று சொல்லாவிட்டால் எங்களுக்கு என்றும் வாய் வராது.

ஏழாண்டுக்கு முன், ரயில் பாதைக்கான மண்கரை இடுப்பளவு உயர்ந்திருந்த ஒரு காலை. குறுக்கே ஒரு தையற்காரப் பெண் வந்து நின்றார், நிறைமாதம். "இந்த மேட்ட ஏறி நான் எப்படிம்மா ஆஸ்பத்திரிக்குப் போவேன்?" என்று கேட்டார். வரைபடத்திலோ அந்த இடம் 'காலி நிலம்'. ஒற்றையடிப் பாதையொன்று ஒரு குடியிருப்பு முழுவதையும் மருத்துவமனையோடு இணைத்திருந்தது எங்கள் தாளில் இல்லை.

"சுத்திப் போனா ரோடு இருக்கே மேடம்" என்றார் ஒப்பந்தக்காரர்.

"இருக்குல்ல? வாங்க, நடந்து பாத்துட்டு வரலாம்" என்றீர்கள். மண்வாரி இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, எட்டுக் கிலோ மணல் பையை வயிற்றோடு வரிந்து கட்டினீர்கள். ஐம்பத்து மூன்று வயதில், உச்சி வெயிலில், அம்மா, நீங்கள் நடந்த நடை! பாதி வழியில் ஒப்பந்தக்காரர் நிழல் தேடி அமர்ந்தார். எங்கள் கண்காணிப்பாளருக்கு அவசரத் தொலைபேசி அழைப்பு வந்தது. அடிக்காத தொலைபேசியில் அவர் நெடுநேரம் பேசினார். நீங்கள் மட்டும் நிற்கவில்லை. பழைய பாதையில் பதினொரு நிமிடம். சுற்று வழியில் ஒரு மணி பத்து நிமிடம். அந்த நடையைக் கண்ட வியப்பு இன்றும் எங்களை விட்டு நீங்கவில்லை.

மறுநாளே கரை வேலை முழுவதையும் நிறுத்தினீர்கள். அந்தப் பெண் பிரசவத்துக்குப் போக அலுவலக வண்டியை அவர் வாசலில் நிறுத்தினீர்கள். கரையை அறுத்துச் சுரங்கப்பாதை அமைத்தீர்கள். திறப்பு விழா ஐந்து மாதம் தள்ளிப்போயிற்று, மேலிடம் கொதித்தது. "யாருடைய பிழை?" என்று விளக்கம் கேட்டார்கள். "கையொப்பம் என்னுடையது, பிழையும் என்னுடையது" என்று ஒரே வரியில் பதில் எழுதினீர்கள்.

அம்மா, அந்தப் பிழை உங்களுடையது அன்று. தளத்துக்குப் போய்ப் பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதிவிட்டு, மின்விசிறியின் கீழ் அமர்ந்து பழைய வரைபடத்தைப் பார்த்துப் படியெடுத்தவர்கள் நாங்கள்தாம். எங்கள் பிள்ளைகுட்டிகளை நினைத்து நீங்கள் வாய் திறக்கவில்லை; எங்கள் வேலையை நினைத்து நாங்களும் திறக்கவில்லை. உங்கள் மௌனம் பெருமை. எங்கள் மௌனம் வெட்கக்கேடு.

ஆகவே, இம்மடலின் படியொன்றை எங்கள் கையொப்பங்களோடு இன்று காலை தலைமையகத்தில் சேர்ப்பித்துவிட்டோம். "எதுக்குப்பா உங்களுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கடிந்துகொள்வீர்கள். ஏழாண்டு தாமதத்துக்கும் சேர்த்தே கடிந்துகொள்ளுங்கள்.

நோயின்றி, நூறாண்டு கடந்தும், நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் நடந்து செல்லும் வலிமையோடு வாழ்க நீங்கள்! இம்மடலைச் சட்டமிட்டுத் தந்துள்ளோம். உங்கள் வீட்டுக் கூடத்தில், வருவோர் கண்ணில் படும்படி மாட்டுங்கள், அம்மா. எங்கள் பிழையை எல்லோரும் படிக்கட்டும்.

தலைவணங்கும்,
வரைபடப் பிரிவினர் ஆறு பேர்