ஓரினுக்குச் செய்த தோட்டாக்கள்

பித்தளையை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது, ஷெரிஃப். சுட்ட தோட்டாவின் கூட்டைப் பொறுக்கி வந்து, துடைத்து, மறுபடி மருந்தும் குண்டும் வைத்துப் பயன்படுத்துவேன். மான்டானாவில் பனிக்காலம் நீளம். என் மனைவி மெர்னா செத்த பிறகு எனக்கு வேறு வேலையும் இல்லை.

சுடும்போது கூடு கொஞ்சம் உப்பிவிடும். அச்சுக்குள் கொடுத்து அழுத்தினால் பழைய அளவுக்கு வரும். அச்சை எவ்வளவு இறக்கித் திருகுவது என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். என் சிநேகிதன் ஓரினுடைய துப்பாக்கி எனக்கு அத்துப்படி. அவனுக்கும் நான்தான் தோட்டா செய்வேன்.

செப்டம்பரில் என் கொட்டகையில் பீர் குடித்துக்கொண்டே சொன்னான்: "இந்த வருஷ வேட்டையோட சரிடா. டூசானுக்கு வந்துடுங்கப்பான்னு மக ஜோலீன் ஒரே நச்சரிப்பு. பேரப்புள்ளைங்களோட வெயில்ல காயப் போறேன்."

"அங்க உனக்கு என்ன இருக்கு?"

"பனி இல்ல. உன் மூஞ்சியும் இல்ல."

சிரித்தான். நானும் சிரித்தேன்.

வெறுங்கையோடு வேட்டையை முடித்துக்கொள்கிற ஆள் இல்லை அவன். எல்க் மான் ஒன்று விழாமல் ஊரைவிட்டுப் போகமாட்டான். அதனால் அச்சை மயிரிழை மேலே ஏற்றினேன். அவ்வளவுதான். கூடு முழுசாக அமுங்காது. அந்தத் தோட்டா உள்ளே போகும்; பின்னாலிருந்து அடைக்கிற போல்ட் மூடாது, மூடாமல் சுட முடியாது. மிச்சத் தோட்டாக்களை நீங்களே அளந்து பார்த்திருப்பீர்கள். கிளம்புமுன் பெட்டியில் முதலில் இருப்பதைத் துப்பாக்கிக்குள் போட்டு மூடிப் பார்ப்பான், முதலில் சுடுவதும் அதைத்தான் என்பதால் அதை மட்டும் சரியாகச் செய்தேன். முதல் குண்டு அவனுக்கு எப்போதும் தவறும்; இரண்டாவது சுட முடியாமல் மான் தப்பிவிடும், அவனும் ஊரிலேயே இருப்பான் என்பது என் கணக்கு.

அன்று தவறவில்லை. மான் ஓடையோரம் விழுந்தது. ஓரின் குனிந்து அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தான். நான் மேட்டில் காவல் நின்றேன். புதருக்குள்ளிருந்து கரடி வந்தது. வெடிச்சத்தம் கேட்டால் இறைச்சி இருக்கும் என்று அவை வரும், உங்களுக்குத் தெரியாததா.

ஓரின் துப்பாக்கியை எடுத்தான். உள்ளங்கையால் போல்ட்டை அடித்தான்.

"லைல், மூடமாட்டேங்குது. நீ சுடு."

குரலில் பதற்றமே இல்லை. நான் இருக்கிறேன் என்ற தைரியம்.

பயத்தில் கை உறைந்துவிட்டதாக முதலில் உங்களிடம் சொன்னது பொய். துப்பாக்கி என் தோளில் பொருந்தியிருந்தது. எனக்கென்று செய்த தோட்டாக்களில் குறை கிடையாது. அந்தத் தூரத்தில் குறி தப்பவும் வழியில்லை. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவன் இனி பெட்டி கட்டமாட்டான்.

கரடி போன பிறகு இறங்கிப் போனேன். சூடு ஆறும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உடலை டூசானுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள் ஜோலீன். அப்பாவுக்கு இந்த மண்தான் பிடிக்கும் என்று பேசிச் சம்மதிக்க வைத்தேன். நேற்றுவரை தினமும் கல்லறைக்குப் போய் அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் பாதியிலேயே எழுந்து போய்விடுவான்.

டூசானில் அவன் தனியாகக் கிடந்து தவித்திருப்பான், ஷெரிஃப். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.