இருபதைக் கழிச்சுக்கணும்

பேட்டரின்னு மட்டும் சொல்லாதம்மா! போன தடவையும் அதத்தான் சொன்ன. அதுக்கு முந்தின தடவையும் அதேதான். புதுசா நாலு வாங்கி, நானே போட்டு, மூடியையும் மூடி எடுத்துட்டு வந்திருக்கேன். பேட்டரி இல்ல. கையில கட்டற பட்டையும் இல்ல. ரப்பர் குழாயும் இல்ல. இந்த பிரஷர் மிஷினுக்குப் பொறவியிலயே புத்தி கோணல். கூசாம பொய் சொல்லுது. நீ பிரிச்சுப் பாரு, நான் உன் ரிப்பேர் கடை ஸ்டூல்ல இப்படி உக்காந்துக்கறேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, ரிட்டயர்டு ஆளு.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. உன் முன்னாடி உக்காந்திருக்கறது ஏதோ பிரஷர்காரக் கெழவன்னு நெனச்சுடாத. முப்பத்தொரு வருஷம்மா! கடை கடையா ஏறி இறங்கி, தராசு சரியா இருக்கா, எடைக்கல்லு சரியா இருக்கான்னு சோதிச்சு முத்திரை குத்துற உத்தியோகம். நான் உள்ள வரேன்னு தெரிஞ்சா மார்க்கெட்டே கப்சிப்னு ஆயிடும். ஒரு கல்லக் கையில எடுத்தா போதும், இது எத்தன கிராம் கொறையுதுன்னு சொல்லிடுவேன். அப்பேர்ப்பட்ட என்கிட்ட, உள்ளங்கை அகலத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்து கதை விடுது!

தங்கப்பல்லுன்னு ஒரு தானியக்கடைக்காரன் இருந்தான். சிரிச்சா கடையே மின்னும். எப்ப சோதனைக்குப் போனாலும் அவன் கல்லு அத்தனையும் கச்சிதம், ஒரு தூசி கூடவும் இருக்காது, கொறையவும் இருக்காது. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். இவ்ளோ யோக்கியன் எதுக்கு நம்மளப் பாத்து இவ்ளோ பல்லக் காட்டணும்? ஒரு நா சொல்லாம கொள்ளாம, சோதனையே இல்லாத ஒரு செவ்வாக்கெழமை, மழையில நனைஞ்சுகிட்டே உள்ள நுழைஞ்சேன். பாத்தா, ரெண்டு செட்டு! துணியில சுத்தி அலமாரியில ஒண்ணு, அது எனக்கு. அடியில தோண்டிப் பொள்ளலாக்குனது ஒண்ணு, அது ஜனங்களுக்கு. அன்னிக்கு அவன் மூஞ்சியப் பாக்கணுமே... வாய மூடிட்டான். பல்லு தெரியவே இல்ல. ஆங், ஸ்க்ரூவ அந்தப் பக்கம் திருப்பும்மா, பிளாஸ்டிக் ஒடைஞ்சுடப் போவுது.

இந்தச் சனியன் எப்படி வீட்டுக்கு வந்துச்சுன்னு கேக்கறியா? கேக்கலையா? சரி, சொல்றேன். ஒம்போது மாசம் ஆச்சு. காலையில காப்பி குடிச்சுகிட்டு இருக்கேன், டம்ளர் எடது கையிலருந்து நழுவிக் கீழ விழுது. நான் என்ன பண்ணேன்? டம்ளரத் திட்டுனேன். வழவழன்னு இருக்கு, இதெல்லாம் ஒரு டம்ளரான்னு. திட்டுறேன் திட்டுறேன், வார்த்தையே வரல, கொழகொழன்னு வருது. என் வீட்டுக்காரி எட்டிப் பாத்தா. வாய் ஒரு பக்கம் கோணிகிட்டுப் போயிருக்கு. அவ கத்தல, அழல. பக்கத்து வீட்டுக் கதவத் தட்டி வண்டியக் கெளப்பிட்டா. சட்ட மாத்திக்கறேன்னு நான் சைகை காட்டறேன், பனியனோட கைதி மாதிரி இழுத்துட்டுப் போறா. ஆஸ்பத்திரியில சொன்னாங்க, சீக்கிரம் கொண்டாந்தீங்க, பொழச்சாரு, ஆனா முதல் ஸ்ட்ரோக்கு வந்தவருக்கு அடுத்தது வர்றதுக்குத்தான் ஜாஸ்தி பயப்படணும், அடுத்தது இவ்ளோ கருணையா இருக்கும்னு நெனைக்காதீங்கன்னு.

அவ்ளோதான்! அன்னிக்கு என் ஆட்சி முடிஞ்சுது. பிரஷருக்கு ஒரு மாத்திரை, ரத்தம் கட்டிக்காம இருக்க ஒண்ணு, கொழுப்புக்கு ஒண்ணு. உப்பு கூடாது. சிகரெட் கூடவே கூடாது. நடக்கணும். கோவப்படக் கூடாது... அதுக்கு மொதல்ல என் மச்சான் வீட்டுக்கு வராம இருக்கணும், அத ஒருத்தரும் எழுதிக் குடுக்கல. அவரு வாராவாரம் வந்து, சோஃபாவுல சாஞ்சு, வறுத்த முந்திரிய என் கண்ணு முன்னாடி ஒண்ணொண்ணா வாயில போட்டுகிட்டு, "மாமா, வாயக் கட்டணும் மாமா"ங்கறாரு. என் பொண்ணு வெளியூர்லருந்து இந்த மிஷின அனுப்பி வச்சா. கூடவே ஒரு நோட்டு. தினமும் காலையில அளந்து எழுதணுமாம், மாசாமாசம் டாக்டர்கிட்ட காட்டணுமாம்.

இவ இருக்காளே, என் வீட்டுக்காரி, அவ தனி டிப்பார்ட்மென்ட்டு. நாளுக்கு ஒண்ணா ஏழு மூடி வச்ச மாத்திரை டப்பா. எந்த மூடி தொறந்திருக்கு, எது மூடியிருக்குன்னு ஒரு கண்ணு. சாப்பாட்டுல உப்பு இல்ல. சும்மா சொல்லக்கூடாது, அவளும் அதேதான் சாப்புடறா. எதிர்ல உக்காந்து, மூஞ்சியச் சுளிக்காம, நல்லாருக்குல்லன்னு வேற கேப்பா. அதுக்கு மேல ஒண்ணு இருக்கு கேளு. கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருஷத்துல ஒரு தடவ கூட என்னப் பாத்துச் சிரின்னு சொன்னதில்ல. இப்ப தெனம் பொழுது விடிஞ்சு பல்லு வெளக்குனதும் எதிர்ல நிக்க வச்சு, "எங்க, சிரிங்க பாப்போம்." வாய் ரெண்டு பக்கமும் நேரா போவுதான்னு பாக்கறாளாம். அப்புறம் ரெண்டு கையயும் தூக்கச் சொல்றா. போலீஸ்காரன் பிடிச்ச திருடனாட்டம் நான் கையத் தூக்கிகிட்டுச் சிரிக்கணும். இந்த லட்சணத்துல எங்க பேத்தி வீடியோ கால்ல, "தாத்தா ஏன் டான்ஸ் ஆடறாரு?"ங்குது.

சரி, விஷயத்துக்கு வரேன். மிஷின் பொய் சொல்லுதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சேன் தெரியுமா? சும்மா சொல்லிட முடியுமா, தொழில்காரன் இல்ல? ஒரு கருவிய எப்பவும் தலைமைக் கருவியோட ஒப்பிட்டுத்தான் பாக்கணும். டாக்டர்கிட்ட போனப்ப அவரு மிஷின்ல நூத்தி முப்பத்து நாலு. பத்து நாள் கழிச்சு வீட்டுல அளந்தா நூத்தி அம்பத்தஞ்சு! அடுத்த மாசம் அதே கதை. டாக்டர்கிட்ட போனா கொறைவு, வீட்டுக்கு வந்தா ஏறுது. அப்ப பிழை எங்க? மிஷின்ல. எவ்ளோ? இருபது. ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும், அத விட்டுடலாம். உடனே ஒரு சீட்டு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு மிஷின் தலையில ஒட்டிட்டேன். இதோ, படி. "இந்த மிஷின் இருபது கூடுதலாகக் காட்டும். கழித்து எழுதவும்." முத்திரை ஒண்ணுதான் பாக்கி.

அவ என்னிய நம்புனா. பின்ன? முப்பத்தொரு வருஷ சர்வீஸு! அவளே மிஷினப் பாத்து, விரல் விட்டு இருபதக் கழிச்சு, குண்டு குண்டா அழகா எழுதுவா. டாக்டரு நோட்டப் பாத்து பிரமாதம்னாரு. நல்ல கட்டுப்பாட்டுல இருக்கு, இதே மாத்திரை போதும், கூட்ட வேணாம்னாரு. அவளுக்கு வாயெல்லாம் பல்லு. நோட்ட எடுத்துட்டுதான் வந்திருக்கேன், படிச்சுக் காட்றேன் இரு... கண்ணாடி எங்க போச்சு... இந்தக் கூட்டுல...

அய்யய்யோ! விடு விடு, நீ பொறுக்காத, நான் எடுத்துக்கறேன். கண்ணாடிக் கூட்டுல ஏன் மாத்திரையா? இது வந்து... உதிரி. அவசரத்துக்கு. எண்ணாதம்மா! என்ன பழக்கம் இது, அடுத்தவங்க பொருள எண்றது? பத்தொம்போதா? இருக்கட்டும். பிரஷர் மாத்திரை போட்டா எனக்குத் தல லேசாக் கிறுகிறுங்குது. அதனால ஒரு நா விட்டு ஒரு நா. சில சமயம் ரெண்டு நா விட்டு. டாக்டர்கிட்ட சொன்னியான்னா... அதெல்லாம் எதுக்கு அவருகிட்ட, அவரு வேற ஒண்ண எழுதுவாரு. மூடியத் தொறந்து வச்சாத்தான் அவளுக்கு நிம்மதி. மூடியத் தொறக்கறேன். அது தப்பா?

என்ன மோப்பம் பிடிக்கற? சிகரெட் வாடையா? உன் மூக்கு பொல்லாத மூக்கா இருக்கே! தெனம் அரை மணி நேரம் நடக்கறேன். அதாவது, முனையில இருக்கற பெஞ்சு வரைக்கும். அஞ்சு நிமிஷம் போக, அஞ்சு நிமிஷம் வர. நடுவுல இருபது நிமிஷம் உக்காந்து ஒண்ணே ஒண்ணு. வெளிய போய்ட்டு வாங்கன்னாங்க, போய்ட்டு வரேன். ஆனா ஒண்ணு சொல்றேன், டாக்டரப் பாக்கப் போற நாளுக்கு ஒரு வாரம் முன்னாடி எல்லாத்தயும் நிறுத்திடுவேன். சத்தியமா! பெஞ்சு கெடையாது, சிகரெட் கெடையாது, மாத்திரை வேளாவேளைக்கு, நெசமாவே அரை மணி நடை. அந்த ஒரு வாரம் என்னமாதிரி ஒரு யோக்கியன நீ பாக்க முடியாது.

என்ன? உன் கையில கட்டிப் பாக்கறியா? தாராளமாப் பாரு. இருபது கூட்டித்தான் காட்டும். ...நூத்தி பதினெட்டு. சரி. உன்னுது எவ்ளோன்னு உனக்கே தெரியாது, கழிச்சா தொண்ணூத்தெட்டு வருது, நீ ஒல்லி, இருக்கும். செவுத்துல மாட்டியிருக்கற அந்தப் பெரிய பாதரச மிஷின்லயும் பாக்கறியா? பாரு. அதுதான் ஒப்பிட்டுப் பாக்கற மிஷினா? இப்பத்தான் நீ தொழில் தெரிஞ்சவ மாதிரி பேசற. எவ்ளோ?

நூத்தி பதினெட்டா... 

இல்ல, இன்னொரு தடவ பாரு. பட்டைய எறக்கிக் கட்டிருப்ப. ...நூத்தி பதினேழு. ம். என் கையிலயா? பாரேன். பேசக்கூடாதா? பேசுனா ஏறுமா? இது நல்ல கூத்து. எவ்ளோ நேரம் பேசாம...

...

...முடிஞ்சுதா? அப்பாடா. எவ்ளோ? ஏன் மறுபடியும் அந்தப் பாதரசத்தயே பாக்கற? நான் ஒண்ணும் கொழந்தயில்ல, சொல்லு. நூத்தி எண்பத்தாறு. பெரிய மிஷின்லயே? சின்னதுல? ...அதுலயும் நூத்தி எண்பத்தஞ்சா.

பட்ட இறுக்கமா இருக்கும்மா. இறுக்கமாத்தான் இருக்கு, அதான் விரல் மரத்துப் போவுது. முந்தாநாள் ஒரு அஞ்சு நிமிஷம் எடது கை விரல் நாலும் என்னுது மாதிரியே இல்ல. சட்டப் பட்டன் போட வரல. இன்னிக்குக் காலையிலயும். அளக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு எதுக்குக் கேக்கற? ...முன்னாடி. பட்டையே கட்டல அப்ப. அவளுக்குத் தெரியாது. பட்டன் போடாம ஸ்வெட்டர மேல மாட்டிட்டு, பல்ல இளிச்சுக் காட்டிட்டு, மிஷின ரிப்பேருக்குக் குடுத்துட்டு வரேன்னு வந்துட்டேன்.

எங்க எந்திரிச்சுப் போற? ஏம்மா, கடைய ஏன் சாத்தற? மணி பதினொண்ணு கூட ஆகல! வண்டியா? எதுக்கு வண்டி? ஆஸ்பத்திரிக்கெல்லாம் வேணாம், நான் மெதுவா நடந்து... இரும்மா. ஒரு நிமிஷம் இரு. வரமாட்டேன்னா சொன்னேன்? வரேன்.

தங்கப்பல்லுக்கு அன்னிக்கு நான் எவ்ளோ பெரிய பிரசங்கம் பண்ணேன் தெரியுமா? யார ஏமாத்தற, என்னயா, உன்ன நம்பி வர்ற ஜனத்தயான்னு. கடை முன்னாடி நிக்க வச்சு, நாலு பேரு கேக்க. அவன் தலையத் தொங்கப் போட்டுகிட்டு நின்னான். துணியில சுத்துன செட்டு ஒண்ணு... இந்தப் பக்கம் ஒண்ணு... ஒரு வாரம் டாக்டருக்கு, மூணு வாரம்... ச்சே. நான் பெரிய மனுஷன். கையெழுத்துப் போட்டு ஒட்டி வேற வச்சேன்.

உன்கிட்ட மூணு தடவ வந்தது எதுக்குன்னு உனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். பயம்மா. வேற என்ன? மிஷின் கெட்டுப் போச்சுன்னு நீ ஒரு வார்த்த சொல்லிட்டா நிம்மதியா வீட்டுக்குப் போலாம்னு பாத்தேன். நீ என்னடான்னா ஒவ்வொரு தடவயும் மிஷின் நல்லாருக்கு, பேட்டரி வேணா பாருங்கன்னே சொன்ன. அந்தச் சீட்டக் கிழிச்சுடு. நோட்டு வேணாம், நோட்டக் கிழிக்காத. அது அவ கையெழுத்து. நான் சொன்னேன்னுதான் எழுதுனா.

வண்டி வந்துடுச்சா. சட்ட மாத்தணும்... சரி சரி, வேணாம், வாரேன். அவளுக்கா போன் போடற? நம்பர் மிஷின் பெட்டி மேல எழுதியிருக்கு. நீயே பேசு. எனக்கு... எனக்கு வாய் வரல. அந்த மாதிரி இல்லம்மா, பயப்படாத! வெக்கமா இருக்கு, அதான்.

என்ன சொல்றா? அழறாளா? அழலையா. சரி. என்ன கேக்கறா? ...சிரிக்கச் சொல்றாளா? போன்லயா? ஓ, நீ பாத்துச் சொல்லணும்கறாளா.

இந்தா. ஈ... கையயும் தூக்கிட்டேன். பாத்துக்கோ. என்ன அப்படியே நிக்கற? வாய் நேரா இருக்கா? இருக்கறத அப்படியே அவகிட்ட சொல்லு. இருபதக் கழிக்காம சொல்லும்மா.